தங்கியிருப்பதும் மறைப்பணியே: கொல்லிமலையில் பிராண்ட் குடும்பத்தார்



ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தின் கடைசிக்கு முந்தைய ஞாயிறை மறைபரப்பு ஞாயிறாகச் சிறப்பிக்கிறோம். 1926ஆம் ஆண்டு திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் ஏற்படுத்திய நாள் இது. அன்று காணிக்கை உறைகள் வழங்கப்படும். தொலைதூர நாடுகளில் பணிபுரியும் அருள்பணியாளர்களுக்காகவும் அருள்சகோதரிகளுக்காகவும் செபிப்போம். காட்டையும் கடலையும் கடந்து சென்றவர்களின் வரலாற்றை மறையுரையில் கேட்போம். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அவர்களுடைய அன்றாட வாழ்வு எப்படி இருந்தது? என்ன சாப்பிட்டார்கள், எந்த நோயோடு போராடினார்கள், தங்கள் பிள்ளைகளை யாரிடம் விட்டார்கள்? இவற்றை நாம் அதிகமாகச் சிந்திப்பதில்லை.

இந்தக் கேள்விகளுக்கு விடை தேட நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குப் போனால் போதும். இங்கிலாந்திலிருந்து வந்து, இம்மலையில் வாழ்ந்து, இம்மண்ணிலேயே அடக்கமாகியிருக்கும் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற தம்பதியரின் வாழ்வு நமக்கு ஒரு பாடம். அவர்கள் கத்தோலிக்கர்கள் அல்லர். பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள். ஆயினும், பிறசபைக் கிறிஸ்தவர்களிடம் விளங்கும் கிறிஸ்துவின் கொடைகளை மகிழ்வோடு ஏற்று மதிக்கும்படி 1964ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏடு நமக்குக் கற்பித்துள்ளது. அந்த மனநிலையோடு இவர்களின் வாழ்வைப் பார்ப்போம்.

மலையும் மக்களும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கொல்லிமலை, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. சங்க இலக்கியம் பாடிய மலை இது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட நாடு. இன்றும் ஆடி மாதத்தில் செம்மேட்டில் அவனுக்கு அரசு விழா எடுக்கப்படுகிறது. அறப்பளீசுவரர் கோவிலும் ஆகாயகங்கை அருவியும் எல்லாரும் அறிந்தவை. இங்கு வாழும் பழங்குடி மக்கள் ‘மலையாளி’ என்று அழைக்கப்படுகிறார்கள். கேரளத்தோடு தொடர்புடைய பெயர் அல்ல இது. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்றே பொருள். பேசும் மொழி தமிழ். சாமை, தினை, கேழ்வரகு, பள்ளத்தாக்குகளில் நெல், பின்னர் மிளகு, காப்பி, வாழை, பலா, அன்னாசி என்று அம்மண் அவர்களுக்கு உணவளித்து வருகிறது.

இன்று காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்தில் மேலே போய்விடலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் அச்சாலை இல்லை. ஒற்றையடிப் பாதையில் நடந்தோ, டோலியில் அமர்ந்தோதான் ஏறவேண்டும். அதைவிடப் பெரிய தடை மலேரியா. மலையில் இரவு தங்கினால் காய்ச்சல் வரும் என்று சமவெளி மக்கள் அஞ்சினார்கள். ‘கொல்லி’ என்ற பெயரையே கொல்லுதலோடு சேர்த்துச் சொல்வோரும் உண்டு.

அடிவாரத்தில் இருக்கும் சேந்தமங்கலம் நம் திருச்சபை வரலாற்றில் இடம்பெற்ற ஊர். தத்துவ போதகர் எனப் பெயர் பெற்ற இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி 1623ஆம் ஆண்டில் இவ்வூருக்கு வந்தார். அப்போது இங்கிருந்த இராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழித்து, அதே சேந்தமங்கலத்திலிருந்து மேலே தெரிந்த மலையை அண்ணாந்து பார்த்தார் ஓர் ஆங்கிலேய இளைஞர்.

கட்டடத் தொழிலாளியும் செல்வந்தர் மகளும்

அவர்தான் ஜெஸ்ஸி பிராண்ட். 1885இல் பிறந்தவர். கட்டடத் தொழில் பழகியவர். மறைப்பணியாளர்களுக்கு வெப்பநாட்டு நோய்களைப் பற்றியும் அடிப்படை மருத்துவத்தைப் பற்றியும் கற்பித்த இலண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு பயின்றார். முழு மருத்துவர் அல்லர்; காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கவும், புண்ணுக்குக் கட்டுப்போடவும், பல் பிடுங்கவும் தெரிந்தவர். 1907இல் இந்தியாவுக்கு வந்து சேந்தமங்கலத்தில் பணியாற்றினார்.

எவலின் ஹாரிஸ் 1879இல் இலண்டனின் வசதியான குடும்பமொன்றில் பிறந்தவர். ஓவியத்தில் ஈடுபாடு கொண்டவர். கொல்லிமலை மக்களைப் பற்றி ஜெஸ்ஸி பேசக் கேட்டு, தாமும் மறைப்பணிக்கு வர முடிவுசெய்து, சென்னை வந்து தமிழ் கற்றார். 1913ஆம் ஆண்டு இருவருக்கும் திருமணம் நடந்தது. புதுமணத் தம்பதியர் குடிபோனது கொல்லிமலைக்கு.

அவர்கள் வாழ்ந்த வீட்டை ஜெஸ்ஸி தம் கையாலேயே செய்தார். மரப்பலகைகளைச் சமவெளியிலேயே அறுத்துப் பொருத்தி, பிறகு பிரித்து, சுமையாட்களின் தலைச்சுமையாக மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார். கறையான் ஏறாதபடி, வீட்டைத் தாங்கிய கால்களின் மேல் இரும்புத் தட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். அந்த வீட்டில்தான் 1914ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் அவர்களின் மூத்த மகன் பால் பிறந்தார். பின்னாளில் தொழுநோயாளரின் மடங்கிய கைகளை நிமிர்த்தி உலகப் புகழ் பெற்ற அறுவை மருத்துவர் இவரே. பாலுக்குப் பின் தங்கை கோனி பிறந்தார்.

அன்றாடமே மறையுரை

மலையில் அவர்களின் ஒரு நாள் எப்படி இருந்தது? காலையில் வாசலில் நோயாளிகள் காத்திருப்பார்கள். காய்ச்சல், சீழ்ப்புண், பல்வலி, பாம்புக்கடி என்று எல்லாவற்றுக்கும் ஒரே வாசல்தான். அவர்களுள் பலருக்கு இருந்த கொடிய தொல்லை நரம்புச் சிலந்தி. கலங்கிய குட்டைத் தண்ணீரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகளின் வழியாக இப்புழு உடலுக்குள் போகிறது. ஏறத்தாழ ஓராண்டு உள்ளே வளர்ந்து, கால் தோலைத் துளைத்துக்கொண்டு நூல்போல வெளியே வருகிறது. இழுத்தால் அறுந்து உள்ளேயே அழுகிவிடும். ஒரு குச்சியில் தினமும் சிறிது சிறிதாகச் சுற்றி, பல நாட்கள் பொறுமையாக எடுக்கவேண்டும். தந்தை அப்படிப் புழு எடுத்ததைச் சிறுவன் பால் அருகில் இருந்து பார்த்தார்.

கட்டடத் தொழிலாளியான ஜெஸ்ஸிக்கு இன்னொன்றும் புரிந்தது. புழுவை எடுத்தால் மட்டும் போதாது. நோய் வரும் வழியை அடைக்கவேண்டும். எனவே கிணறுகளுக்குக் கல்லால் கரை கட்டவும், தண்ணீரை வடிகட்டிக் குடிக்கவும் மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பள்ளிகள் தொடங்கினார், பிள்ளைகளுக்குத் தச்சுவேலை கற்பித்தார், புதிய பயிர்களை நட்டுக் காட்டினார். எவலின் வீடு வீடாகச் சென்று பெண்களோடு பேசினார். தம் பிள்ளைகளுக்குத் தாமே பாடம் நடத்தினார். சிறுவன் பால் அறைக்குள் உட்கார மறுத்தபோது, பலாமரத்தில் ஏறி உட்கார்ந்தபடி கணக்குப் போட அனுமதித்தார் என்று கூறப்படுகிறது.

மலை மக்களிடமிருந்தும் அக்குடும்பம் கற்றுக்கொண்டது. பால் பிராண்ட் பின்னாளில் எழுதிய ஒரு நிகழ்ச்சி இது. சிறுவர்கள் நெல் வயலில் தவளை பிடிக்கிறோம் என்று சேற்றைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். கலங்கிய தண்ணீர் வரப்பைத் தாண்டிக் கீழே வழிந்தது. அவ்வழியே வந்த ஊர்ப் பெரியவரான தாத்தா ஒருவர் அவர்களை நிறுத்தினார். அடிக்கவில்லை. குனிந்து ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டினார். ஆண்டுதோறும் நமக்குச் சோறு போடுவது இந்தச் சேறுதான். இது வழிந்தோடிவிட்டால் திரும்பி மலை ஏறிவராது. இனி பிறக்கப்போகும் பிள்ளைகளின் சோறும் இதில்தான் இருக்கிறது என்று விளக்கினார். படைப்பைப் பேணுவது பற்றிய முதல் பாடத்தை அந்த மறைப்பணியாளரின் மகனுக்குக் கற்பித்தவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மலைவாழ் பெரியவர். மறைப்பணியில் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் இன்னொருவர் என்று கோடு கிழிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

கஞ்சிப் பானையும் பூசாரியின் குழந்தையும்

இத்தனை செய்தும், முதல் ஆண்டுகளில் அவர்களின் நற்செய்தியை ஏற்க யாரும் முன்வரவில்லை. மருந்து வாங்க வந்தார்கள், நன்றி சொன்னார்கள், திரும்பிப் போனார்கள். ஊர்ப் பூசாரி அவர்களை எதிர்த்தார். தம் மக்களின் வழிபாட்டையும் ஒற்றுமையையும் காக்கவேண்டிய பொறுப்பில் இருந்தவர் அவர். அவருடைய அச்சத்தையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

1918இல் உலகெங்கும் பரவிய இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. அக்கொள்ளைநோய்க் காலத்தில் அது கொல்லிமலைக்கும் வந்தது. ஊர் ஊராக மக்கள் பாயில் விழுந்தார்கள். அச்சத்தில் பலர் ஊரை விட்டு ஓடினார்கள். அந்நோய்க்கு அன்று மருந்து இல்லை. பிராண்ட் தம்பதியரிடம் இருந்தது அரிசிக் கஞ்சிதான். பெரிய பானையில் கஞ்சி காய்ச்சி, குடிசை குடிசையாகக் கொண்டுபோய், எழ முடியாதவர்களுக்குக் கரண்டியால் ஊட்டினார்கள்.

பூசாரியும் அவருடைய மனைவியும் நோயில் விழுந்தார்கள். அவர்களின் பக்கத்தில் வர வேறு யாருக்கும் துணிவில்லை. பிராண்ட் தம்பதியர் போனார்கள். சாகுந்தறுவாயில் அப்பூசாரி தம் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்தார். அனாதையான பெண் குழந்தையை அவர்கள் தங்கள் மகளாக ஏற்று, ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். அந்நிகழ்ச்சிக்குப் பிறகே மக்கள் அவர்களை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினார்கள். மலையில் ஒரு சிறிய கிறிஸ்தவ சபையும் உருவானது.

இங்கு நாம் சற்று நிதானிக்க வேண்டும். நோயையும் மரணத்தையும் பயன்படுத்தி மக்களைத் தம் பக்கம் இழுப்பதா மறைப்பணி? இக்கேள்வியை நம் நாட்டில் பலர் கேட்கிறார்கள்; கேட்பது நியாயமே. 1965ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான சமய சுதந்திரம் பற்றிய இரண்டாம் வத்திக்கான் ஏடும் இது குறித்து எச்சரிக்கிறது. சமயத்தைப் பரப்புவதில் கட்டாயமோ, தகாத தூண்டுதலோ இருக்கவே கூடாது. ஏழைகளிடமும் கல்வி பெறாதவர்களிடமும் இதில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும் என்று அது கற்பிக்கிறது. அப்படியானால் அந்தக் கஞ்சியை எப்படிப் புரிந்துகொள்வது? தூண்டிலாகக் காய்ச்சிய கஞ்சியாக இருந்தால், பலன் கிடைக்காத முதல் ஆண்டுகளிலேயே அவர்கள் மலையிறங்கிப் போயிருப்பார்கள். யாரும் தம் நம்பிக்கையை ஏற்காத காலத்திலும் அவர்கள் புழு எடுத்துக்கொண்டும் கிணற்றுக்குக் கரை கட்டிக்கொண்டும் இருந்தார்கள். தம்மை எதிர்த்தவரின் குடிசைக்கும் தயங்காமல் போனார்கள். எதையும் எதிர்பாராமல் செய்த பணிதான் நம்பத்தகுந்த சான்றாயிற்று.

கொடுத்த விலை

மறைப்பணிக்குக் கொடுத்த விலையைப் பேசும்போது நாம் வழக்கமாக மறைசாட்சிகளை நினைக்கிறோம். ஓரியூரில் 1693இல் இரத்தம் சிந்திய புனித அருளானந்தர் நம் நெஞ்சில் நிற்கிறார். பிராண்ட் குடும்பத்தார் கொடுத்த விலை வேறு வகையானது.

1923ஆம் ஆண்டு, அக்கால ஆங்கிலேயக் குடும்பங்களின் வழக்கப்படி, பாலையும் கோனியையும் படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினர்களிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது வயது ஒன்பது. கடிதங்கள் மட்டுமே உறவுப் பாலம். கப்பல் தபால் வந்துசேரப் பல வாரங்கள் ஆகும். தந்தை தம் கடிதங்களில் மலையின் மரங்களையும் பறவைகளையும் மக்களையும் பற்றி எழுதினார். ஒருநாள் திரும்பவும் சந்திப்போம் என்று அந்தச் சிறுவன் காத்திருந்தான்.

1929ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள், மலேரியாவின் கடுமையான விளைவான கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி பிராண்ட் மலையிலேயே இறந்தார். இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீர் கறுத்துப்போகும் நோய் இது. அவருக்கு வயது 44. மலை மக்கள் அவரைத் தங்கள் மண்ணில் அடக்கம் செய்தார்கள். இலண்டனில் இருந்த பாலுக்குத் தந்தி போயிற்று. அதன் பிறகும் தந்தையின் கடிதம் வந்தது. இறப்பதற்கு முன் எழுதிக் கப்பலில் அனுப்பியது. மலையில் நடந்துபோனபோது கண்ட அழகைப் பற்றியும், அதைப் படைத்த இறைவனுக்கு நன்றி சொல்லி மகிழ்வது பற்றியும் அவர் அதில் எழுதியிருந்தார். இறந்துவிட்ட தந்தை உயிரோடு பேசுவதுபோல் இருந்த அக்கடிதத்தைப் படித்தபோது, பதினைந்து வயதுகூட நிரம்பாத அந்தப் பிள்ளையின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

பிறகு எவலின் இங்கிலாந்து சென்றார். பாலின் நினைவில் இருந்தது அழகும் துடிப்பும் மிக்க அம்மா. வந்து நின்றதோ துயரத்தால் வாடித் தளர்ந்த ஒரு பெண்மணி. ஏழாண்டுப் பிரிவை எந்த விசுவாச விளக்கத்தாலும் எளிதாக மூடிவிட முடியாது. அம்முடிவு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? ஆனால் மறைப்பணியின் விலையைப் பணியாளர் மட்டும் செலுத்துவதில்லை. அவரைப் பெற்றவர்களும் அவர் பெற்றவர்களும் சேர்ந்தே செலுத்துகிறார்கள் என்ற உண்மையை நாம் மறக்கக்கூடாது.

ஓய்வு பெறாத பாட்டி

எவலின் மீண்டும் இந்தியா வந்தார். சபை அவருக்குச் சமவெளியில் பணி கொடுத்தது. அவர் மனமோ மலையிலேயே இருந்தது. விடுமுறை கிடைத்தபோதெல்லாம் மலை ஏறினார். ஏறத்தாழ எழுபது வயதில் சபை அவருக்கு ஓய்வு கொடுத்தது. கூடியிருந்தவர்கள் வழியனுப்பக் காத்திருக்க, அவரோ தம் சொந்தப் பொறுப்பில் கொல்லிமலைக்குத் திரும்பப்போவதாக அறிவித்தார். கணவரும் தாமும் கனவு கண்டிருந்த மலைகள் இன்னும் மீதமிருந்தன. கொல்லிமலையைத் தொடர்ந்து பச்சைமலை, கல்வராயன் மலை போன்ற மற்ற மலைகளுக்கும் போனார்.

மட்டக்குதிரையின் முதுகில் ஊர் ஊராகப் போன அந்த வயதான பெண்மணியைப் ‘பிராண்ட் பாட்டி’ என்றே எல்லாரும் அறிந்திருந்தார்கள். பலமுறை கீழே விழுந்தார், எலும்புகள் முறிந்தன. அதன்பின் இரு கைகளிலும் மூங்கில் கோல்களை ஊன்றிக்கொண்டு நடந்தார். பெயர் பெற்ற மருத்துவராகிவிட்ட மகன், அம்மா இனியாவது ஓய்வெடுங்கள் என்று கெஞ்சியும் அவர் கேட்கவில்லை. தாம் போகாவிட்டால் அந்த மலைகளில் புண்ணைக் கழுவவும் பல் பிடுங்கவும் வேறு யார் இருக்கிறார்கள் என்பதே அவருடைய பதிலாக இருந்தது. கடைசி இருபது ஆண்டுகளில் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே இல்லை என்று பால் பிராண்ட் எழுதியுள்ளார். சுருக்கம் விழுந்த அந்த முகத்தைத் தாம் கண்டவற்றுள் மிக அழகியதாகவே மகன் கருதினார்.

1974ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், 95ஆம் வயதில் எவலின் பிராண்ட் இறைவனடி சேர்ந்தார். அவரது உடல் கொல்லிமலைக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கணவரின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் எதிர்த்துப் போராடிய நரம்புச் சிலந்தி பின்னர் இந்தியா முழுவதிலிருந்தும் ஒழிந்தது. 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டை இந்நோயற்ற நாடாகச் சான்றளித்தது. அதற்கு உழைத்தவர்கள் பல்லாயிரம் நலப்பணியாளர்கள். குச்சியும் கையுமாக உட்கார்ந்து புழு சுற்றிய இத்தம்பதியரும் அந்த நீண்ட வரிசையில் இடம் பெறுகிறார்கள்.

மலையிலிருந்து வேலூருக்கு

சிறுவயதில் பாலுக்கு மருத்துவமே பிடிக்கவில்லை. சீழும் இரத்தமும் கண்டு அருவருத்தார். தந்தையைப்போல் முதலில் கட்டடத் தொழிலைத்தான் கற்றார். ஒருமுறை தொழுநோயாளர் மூவர் வீட்டு வாசலுக்கு வந்தபோது பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, கையுறை அணிந்து தந்தை அவர்களின் புண்களைக் கழுவிக் கட்டியதையும், அந்த முகத்தில் வழக்கத்துக்கு மாறாக ஓர் அச்சம் தெரிந்ததையும் அவர் மறக்கவில்லை. துணிவுள்ள தந்தையும் அஞ்சினார், அஞ்சியபடியே தொட்டார். அக்காலத்தில் அந்நோய்க்குச் சரியான மருந்து இல்லை.

இலண்டனில் மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால், செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிப்போன கைகளைக் கண்டார். ஒரு நோயாளியின் கையைப் பற்றியபோது, அந்தப் பிடியில் இன்னும் வலு இருப்பதை உணர்ந்தார். எல்லாத் தசைகளும் செத்துவிடவில்லை என்று அறிந்து, நல்ல தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி விரல்களை இயங்கவைக்கும் அறுவை சிகிச்சையை உருவாக்கினார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக உதிர்வதில்லை. வலி தெரியாததால் சூடும் காயமும் பட்டு அழிகின்றன என்பதையும் அவரும் அவருடைய உடன்பணியாளர்களும் தெளிவாக்கினார்கள். வலியும் இறைவனின் கொடையே என்று அவர் பிற்காலத்தில் எழுதியதன் வேர் இங்கே இருக்கிறது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற அவர் 2003ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் காலமானார். கொல்லிமலையில் கையுறையோடு தொட்ட தந்தையின் கை, மகன் வழியாக வெறும் கையாக நீண்டது.

நமக்கு

இன்று நிலைமை மாறியிருக்கிறது. ஒருகாலத்தில் மறைப்பணியாளர்களை வரவேற்ற தமிழ் மண், இன்று ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இலத்தீன் அமெரிக்காவுக்கும் அருள்பணியாளர்களையும் அருள்சகோதரிகளையும் அனுப்புகிறது. தெரியாத மொழியில் தடுமாறித் திருப்பலி நிறைவேற்றும் நம் ஊர்ப் பிள்ளைகளும், பனி கொட்டும் ஊரில் முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றும் நம் சகோதரிகளும் நமக்கு உண்டு. அவர்கள் விடுமுறையில் வரும்போது, எத்தனை பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்தீர்கள், எத்தனை ஆலயம் கட்டினீர்கள் என்றே கேட்கிறோம். சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, பேசுவதற்கு யாராவது இருக்கிறார்களா, அம்மா இறந்தபோது வரமுடியாமல் என்ன செய்தீர்கள் என்று கேட்பவர்கள் சிலரே.

பிராண்ட் தம்பதியரின் வாழ்வு சொல்வது இதுதான்: போவது ஒரு நாள் துணிவு, தங்குவது ஒவ்வொரு நாளும் வேண்டிய விசுவாசம். நம் ஆண்டவரும் முப்பது ஆண்டுகள் நாசரேத்தில் தச்சராக வாழ்ந்த பிறகே மூன்றாண்டுகள் போதித்தார். மறைப்பணியின் பெரும்பகுதி கஞ்சி காய்ச்சுவதிலும், காத்திருப்பதிலும், கற்றுக்கொள்வதிலும், பலன் தெரியாமல் விதைப்பதிலும்தான் கழிகிறது. மண்ணில் விழுந்து மடிகிற கோதுமை மணியைப் பற்றி ஆண்டவர் சொன்னதை நாம் அறிவோம். அந்த மணி மடிவது பெரும்பாலும் ஒரே நாளில் அல்ல, நாள்தோறும் சிறிது சிறிதாகத்தான்.

கொல்லிமலைக்குச் சுற்றுலா செல்லும்போது அருவியைப் பாருங்கள், அன்னாசி வாங்குங்கள். முடிந்தால் அந்தக் கல்லறைகளின் அருகேயும் சற்று நின்று செபியுங்கள்.

சிந்தனைக்கு:

பலன் எதுவும் தெரியாத இடத்தில் எத்தனை நாள் பொறுமையோடு தங்கியிருக்க நான் தயார்?

என்னை எதிர்ப்பவர் நோயில் விழுந்தால், அவர் வீட்டு வாசலை மிதிப்பேனா?

வெளிநாட்டில் பணிபுரியும் நம் பங்கைச் சேர்ந்த ஒருவருக்கு இந்த மாதம் நலம் விசாரித்து எழுதினேனா? ஊரில் தனித்திருக்கும் அவருடைய பெற்றோரைச் சென்று பார்த்தேனா?